ஒழுங்கை வாசலில் ஒரு தேசிக்காய்

மச்சான்,

இன்று காலை முந்தலில் ஒரு பாடசாலை நடைபாதையின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். பேனையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டால் தேசிக்காய் வந்தது. நேற்றுச் சமையலறைக் கூடையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டது, மறந்துவிட்டேன். சூட்டில் கொஞ்சம் வாடியிருந்தது. பையெல்லாம் அதன் மணம். அந்த மணம் ஏறியதும் முந்தல் காணாமல் போய்விட்டது. உன் வீட்டு விறாந்தை வந்தது. கழற்றிப் பரப்பிய படகு எஞ்சின், மண்ணெண்ணெய் வாடை, ஓர் ஓரத்தில் பாதியாக வெட்டிய தேசிக்காய். பள்ளிவாசலுக்குப் போகும்போது கையில் மண்ணெண்ணெய் மணக்கக் கூடாது என்று நகக்கண் வரை தேய்ப்பாய். தேய்த்து முடித்து, உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மணக்குதா பாரு" என்பாய். மண்ணெண்ணெயும் தேசிக்காயும் சேர்ந்துதான் மணக்கும். இல்லை என்று நான் பொய் சொல்வேன்.

கையில் வந்ததை ஏன் வீணாக்குவது என்று, புதிதாகப் போட்ட சாய்வுப் பாதையின் தலையில் அந்தத் தேசிக்காயை வைத்துவிட்டேன். நேராக இரண்டடி உருண்டது. பிறகு மெதுவாக வடிகான் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மேசன் பாஸ், "சேர், பாரட்ட தெஹி கபனவாத?" என்று கேட்டுச் சிரித்தார். அவர்கள் ஊரில் கண்ணூறு கழிக்கத் தேசிக்காய் வெட்டுவார்கள் அல்லவா, வீதிக்கும் கழிக்கிறேனா என்று கேலி. வெட்டவில்லை பாஸ், உருட்டுகிறேன் என்று அவருடைய சிங்களத்திலேயே சொன்னேன். அவர் குனிந்து அது போன வழியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "வமட்ட அதினவா" என்றார். இடப்பக்கம் இழுக்கிறது. நான் சொல்லாமலே போய்ப் பூச்சுக் கரண்டியை எடுத்து வந்தார்.

நீ மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், இரண்டு நோன்பு மாதம் கடந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நேரே அதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால் மதகிலிருந்து வருகிறேன்.

நம் ஊர்ப் பாடசாலைக்குப் போகும் வழியில் இருந்த சின்ன மதகு. நமக்கு அப்போது ஒன்பது வயது இருக்குமா? உன் கால்களைக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் கொண்டுபோயிருந்தது. உன்னை முதுகில் சுமந்து பாடசாலைக்குக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் என் வேலை. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, உன் உம்மா தரும் பனங்கட்டித் துண்டும் இருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது கரையில் ஒரே கூச்சல், பெரிய திருக்கை ஒன்று வலையில் வந்துவிட்டதாம். உன்னை மதகுச் சுவரில் இறக்கி வைத்துவிட்டு, "இப்ப வாறன்" என்று ஓடினேன். திருக்கையைப் பார்த்தேன். அதை வெட்டுவதைப் பார்த்தேன். அப்படியே கரையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கிவிட்டேன்.

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் உன் உம்மா அலறிக்கொண்டு வந்தார். நாங்கள் ஓடிப் போனபோது நீ அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாய். முகம் வெயிலில் கன்றியிருந்தது. அழுத அடையாளம் இல்லை. என்னைப் பார்த்து, "திருக்கை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாய். நான்தான் அழுதேன்.

சில நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு நேரத்தில் சொன்னாய். "தூக்குறவன் அவன் நெனச்ச எடத்துலதான் எறக்குவான், மச்சான்." கோபமாகச் சொல்லவில்லை, கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாய். அதன் பிறகு நீ யார் முதுகிலும் ஏறவில்லை. கையால் ஊன்றி, மணலில் இழுத்து இழுத்துப் போனாய். பதினைந்து வயதில் அந்த மூன்று சக்கர வண்டி கிடைத்தது. கையால் சுற்றினால் சங்கிலி முன்சக்கரத்தை உருட்டும். வந்த மறுநாளே அதைக் கழற்றிப் போட்டு, உனக்கு ஏற்றபடி திரும்பப் பூட்டி, பின்னால் ஒரு இரும்புப் பெட்டியும் வைத்துக்கொண்டாய். எஞ்சின் திருத்துகிறவன் அன்றுதான் பிறந்தான் என்று நினைக்கிறேன்.

கை கொடுக்க வருகிறவர்களுக்கு உன்னிடம் ஒரே பதில்தான். "என்னத் தூக்குறதுக்கு ஒங்களுக்கு ஒரு நாள் இரிக்கி. அன்டைக்கி எல்லாரும் வாங்க. அது வரைக்கும் கைய வைக்க வேணாம்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். வயதானவர்கள், அப்படிச் சொல்லாதே என்று அதட்டுவார்கள். பள்ளிவாசலுக்கு நான்கு படி. அதில் தூக்கி ஏற்ற ஊரில் நூறு கைகள் இருந்தன. நீ ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியே பூவரசின் கீழ் வண்டியை நிறுத்தி, ஒலிபெருக்கியைக் கேட்டு, அதிலேயே இருந்து தொழுதாய். மழை வந்தால் நனைந்தாய்.

நான் படித்துப் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, ஊரார் வாயில் டீ.ஓ. சேராக, வந்தேன். வீதிகள் வரைந்தேன். என் கையால் வரைந்த முதல் பெரிய வேலை, நம் ஊரின் நடு வீதிக்குக் காப்பட் போட்டதுதான். கறுத்து, வழவழவென்று, களப்பின் ஓரத்திலிருந்து பள்ளி வரை ஓடியது. திறப்பு விழாவில் என் கழுத்தில் மாலை போட்டார்கள். நான் கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நீ வரவில்லை. எனக்குச் சுரீர் என்று வந்தது. மறுநாள் உன் வீட்டுக்குப் போய், வந்ததும் வராததுமாகக் கத்தினேன். ஊரே வந்தது, உனக்கு என்ன கேடு, பொறாமையா என்று கூடக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

நீ ஓர் எஞ்சின் குழாயை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை.

"வர ஏலல்ல மச்சான். ஒண்ட ரோட்டு ஒசந்துட்டு, எங்கட ஒழுங்க கீழ இரிக்கி. மூணு வெள்ளி ஜும்ஆக்குப் போகல்ல."

உன் வீட்டுச் சந்தான அந்த ஒழுங்கைக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை. நீ பாதித் தேசிக்காயைப் பார்த்தாய், அது வேண்டாம் என்று வைத்துவிட்டு முழுதாய் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தாய். "ஒழுங்க வாசலுக்குப் போ. ரோட்டு ஓரத்துல இத வை. என்ன செய்யிதுன்னு பாத்துட்டு வா."

வைத்தேன். அது உருளவில்லை. சட்டென்று விழுந்தது. அரையடிக்கு மேல் கீழே, ஒழுங்கையின் மணலில் போய்ப் புதைந்தது. நான் அங்கேயே குந்திக்கொண்டேன். என் வரைபடத்தில் அந்த ஒழுங்கை வாசல் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டம் எவ்வளவு என்று நான் எழுதவே இல்லை. பழைய கிறவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கியாவது போய்வந்தவனை, என் அழகான வீதி வீட்டுக்குள்ளே அடைத்துவிட்டது. மாலைப் பூவின் மணம் இன்னும் என் சட்டையில் இருந்தது.

திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ கேட்டாய்: "மூணு ஜும்ஆ விட்டாக் கல்புல, நெஞ்சுக்குள்ள, முத்திர விழும்னு சொல்லுவாங்க. இது ஆருட கல்புல விழும் மச்சான்? எனக்கா, ரோட்டுப் போட்டவனுக்கா?" கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

அந்த வாரமே சாய்வு போட்டோம். ஓர் அங்குலம் உயர ஓரடி நீளம் என்று புத்தகம் சொன்னது, நானும் சொன்னேன். புத்தகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீ தேசிக்காயை உருட்டினாய். அது பாதி வழியில் பக்கவாட்டில் ஓடி வடிகானுக்குள் விழுந்தது. "நான் போற வழி அதுதான்" என்றாய். மழை நீர் வடிய நான் வைத்த சின்னச் சரிவு உன் சக்கரத்தையும் வடித்துவிடும் என்று அன்றுதான் கண்டேன். மட்டக்கருவி எனக்கு எண்ணைச் சொல்லும். தேசிக்காய் நீ எங்கே போய் விழுவாய் என்று சொன்னது. உடைத்துத் திரும்பப் போட்டோம்.

பிறகு பள்ளிப் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு. நிர்வாகத்தார் சந்தோஷமாகவே இடம் தந்தார்கள். அது முடிந்த முதல் வெள்ளிக்கிழமை நீ வெள்ளைச் சட்டை போட்டு வந்தாய். சாய்வைக் காணவில்லை. அதன் மேல் ஊருடைய செருப்பெல்லாம் கிடந்தது. படியில் கழற்றிக் குவிப்பதைவிடச் சரிந்த நிலத்தில் வரிசையாக வைப்பது வசதி என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. யாருக்கும் உன் மேல் வன்மம் இல்லை. ஒரு புது இடம் கிடைத்தது, செருப்பு வைத்தார்கள், அவ்வளவுதான்.

நான் உள்ளே முதல் வரிசையில் இருந்தேன். எனக்குத் தெரியாது. தொழுகை முடிந்து வெளியே வந்தால் முற்றத்தில் ஆண்கள் வெறுங்காலோடு கொதிக்கும் மணலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நீ மேலே தாழ்வாரத்தில் வண்டியோடு இருந்தாய். ஒவ்வொரு செருப்பாகப் பொறுக்கி, பின்பெட்டியிலும் மடியிலும் நிரப்பிக்கொண்டு, சாய்வில் ஏறி, உள்ளே வந்து தொழுதிருக்கிறாய். கடை முதலாளியின் தோல் செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது ஆருட?" என்று கேட்டாய். அவர் நெளிந்துகொண்டு வந்து வாங்கினார். அடுத்தது. "இது ஆருட? ஒத்தச் செருப்பு, மத்தது மடியில இரிக்கி, தேடித் தாறன், பொறுங்க." தொழுவித்த லெப்பையின் செருப்பு கடைசியாக வந்தது. அன்றோடு அந்தச் சாய்வில் எவனும் செருப்பு வைக்கவில்லை. இன்று வரை இல்லை.

அப்படி எத்தனை வெள்ளிக்கிழமைகள். தொழுதுவிட்டு வெளியே வருவோம், களப்பிலிருந்து உப்புக் காற்று வரும். நீ ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பார்ப்பாய். உச்சி வெயிலில் களப்பு அசையாமல் கிடக்கும், தூரத்தில் ஓடங்கள் காற்றில் நிற்பதாகத் தெரியும். "நம்மட ஊர்ல சரியான மட்டத்துல போட்ட ரோட்டு அது ஒண்டுதான்" என்பாய். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று கண்ணயர்வேன். நீயும் வீட்டுக்குப் போயிருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைப் பகல் தூக்கத்தில் நீ வருகிறாய். களப்பின் மேல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போகிறாய். சக்கரம் நனைவதில்லை. கற்பிட்டிப் பக்கமிருந்து வெங்காய வாடை வருகிறது. நான் கரையில் நின்று, எவ்வளவு பெரிசு என்று கத்துகிறேன். எதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறாய். விழித்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

காய்ச்சல் வந்து உன்னைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள். கொண்டுவந்தபோது உன் கைகளை மூடியிருந்தார்கள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு உன் மனைவி வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான். "நாநா, இன்டைக்குத் தூக்குங்க. இன்டைக்கு அவர் ஒண்டும் சொல்ல மாட்டார்."

உன்னைக் கிடத்திய சந்தூக்கின் முன் மூலை என் தோளில் இருந்தது. நீ அவ்வளவு லேசாக இருப்பாய் என்று நான் நினைத்ததில்லை. ஒழுங்கை வாசல் வந்தது. கூட்டம் குறுக்கே ஏறப் பார்த்தது. நான் உன் சாய்வு வழியாகத் திரும்பினேன். பள்ளியில் எல்லாரும் படிக்குப் போனார்கள். நான் மறுபடியும் சாய்வுக்குத் திரும்பினேன். பின்னால் இருந்தவர்கள் தடுமாறி, "சேர், படி இந்தப் பக்கம்" என்றார்கள். தூக்குகிறவன் நினைத்த இடத்தில்தான் இறக்குவான் என்று சொன்னவனே, அன்று தூக்கியவன் நான். நீ போகும் வழியைத் தவிர வேறு எந்த வழியிலும் உன்னைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

தொழுவித்த பிறகு மையவாடி. வாசலில் ஓரடி உயரத்துக்குக் கட்டு இருந்தது, ஆடுகள் உள்ளே போகாமல் இருக்கக் கட்டியது. தாண்டிப் போனோம். உன்னை அடக்கிவிட்டு, மண் போட்டு, எல்லாரும் கலைந்தார்கள். வெளியே வந்தபோது சுவரோரம் என் கால் ஒரு பள்ளத்தில் இடறியது. பார்த்தால் சக்கரத் தடம். மூன்று கோடு. மழையிலும் வெயிலிலும் இறுகி, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வந்து நின்ற தடம்.

மோதினார் சொன்னார். "ஒங்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஜும்ஆவும் முடிஞ்சி இதுலதான் வந்து நிப்பாரு. உள்ள வர ஏலாதே. இங்க நிண்டு வாப்பாக்கு துஆ கேட்டுட்டுப் போவாரு."

எனக்குத் தெரியாது. முப்பது வருஷச் சிநேகிதனுக்குத் தெரியாது. உன் வாப்பாவை அடக்கிய நாளில் நீ எங்கே இருந்தாய் என்று கூட எனக்கு நினைவில்லை. நான் உள்ளே இருந்தேன், மண் போட்டேன், நீ சுவருக்கு வெளியே இருந்திருக்கிறாய். ஏன் சொல்லவில்லை நீ? செருப்புக்கு ஊரையே சிரிக்க வைத்தவன், வாசற்கட்டுக்கு ஏன் வாய் திறக்கவில்லை? எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு அது என் மேலேயே திரும்பியது. ஒழுங்கை வாசலில் எழுதாமல் விட்ட மட்டத்தை மையவாடி வாசலிலும் நான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

நிர்வாகத்தாரிடம் போனேன். ஒருவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "மையவாடிக்கு ரேம்ப் என்னத்துக்கு சேர்? இங்க வாறவங்கள நாங்க தூக்கிட்டுத்தானே வாறோம்."

"ஹயாத்தோட, உசிரோட வாறவங்களுக்கு" என்றேன்.

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவருடைய தம்பிக்கும் சீனி வியாதியில் ஒரு கால் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவரே பேசி முடித்தார். கட்டை உடைத்து, ஆடு நுழையாதபடி தானாக மூடும் கதவு போட்டு, சாய்வு வைத்து, கபுறுகளுக்கு இடையில் கல் பதித்த ஒடுங்கிய பாதை ஒன்று கொண்டுபோனோம். உன் வாப்பாவின் வரிசை வரை வந்திருக்கிறது.

இனி, போன வெள்ளிக்கிழமை.

உன் வீட்டுக்குப் போய் வண்டியைக் கேட்டேன். உன் மனைவி மேலே போர்த்தியிருந்த படங்கை எடுத்தார். "கொண்டு போங்க நாநா. ஆனா கழுவித்தான் கொண்டு வரணும், அவர் அப்படித்தான் வைப்பார்" என்றார். உருட்டிக்கொண்டு போவேன் என்று நினைத்திருப்பார். நான் ஏறி உட்கார்ந்தேன். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவை. கைப்பிடியில் தேசிக்காய் மணம் இருந்தது என்று சொன்னால் பொய். துருதான் மணத்தது.

ஒழுங்கை வாசலில் ஏறினேன், நம் சாய்வு நல்ல சாய்வு. அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வடிகான் மூடிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் முன்சக்கரம் மாட்டியது. அந்த இடத்துக்கு நேரே என் மேற்பார்வைக் கொப்பியில் "திருப்தி" என்று நானே எழுதியிருக்கிறேன். வீதி என்னை இடப்பக்கம் இழுத்தது. நிறுத்திய மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடிகள் எல்லாம் என் முகத்துக்கு நேரே இருந்தன. டீ.ஓ. சேருக்கு என்ன நடந்தது என்று கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. இதைத்தான் வெள்ளைச் சட்டை கசங்காமல், சிரித்த முகத்தோடு செய்துகொண்டு வந்தாயா?

மையவாடிச் சாய்வில் முக்கால்வாசி ஏறியதும் வண்டி நின்றது. பின்னால் வழுக்கப் பார்த்தது. மோதினார் ஓடி வந்தார்.

"சேர், தள்ளி உடட்டா?"

"கைய வைக்க வேணாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாருடைய குரல் அது என்று கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பல்லைக் கடித்து இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். கதவு திறந்தது. உள்ளே போனேன்.

உன் வாப்பாவின் கபுறுக்கு முன்னால் நிறுத்தி ஸலாம் சொன்னேன். "ஒங்கட மகன்ட வண்டி வந்திரிக்கி" என்றேன். அழுகைதான் வந்தது.

நீ இருப்பது அதற்கு அப்பால், மூன்று வரிசை தள்ளி. கல் அங்கே வரவில்லை. மணல்தான். எனக்குக் கால் இருக்கிறது, இறங்கி நடந்திருக்கலாம். இறங்கவில்லை. பாதை முடிந்த இடத்தில் வண்டியிலேயே இருந்து, நீ வாப்பாவுக்குச் சொன்னது போலத் தூரத்திலிருந்தே உனக்கும் ஸலாம் சொன்னேன். பிறகு பையில் இருந்த தேசிக்காயை எடுத்து உன் பக்கம் உருட்டினேன். மணலில் இரண்டு சாண் போய் நின்றது. அடுத்த கல்லை அந்த இடத்திலிருந்து பதிக்க வேண்டும்.